பூத்துணிக்கு அடியில்

2025 ஜூன் 15, ஞாயிறு. பெரம்பலூர். காலையில் கறி வாங்கி வந்தேன், பிறகு தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். மதியம் தூங்கி எழுந்தபோது மகனின் அறையிலிருந்து பிளாஸ்டிக் சூடேறும் வாசம் வந்தது. லேப்டாப் போர்வைக்குள் கிடந்தது.

“ஆஃப் பண்ணிடாதீங்க அத்தா, கேம் பாதியில நிக்குது” என்றான்.

இதே பேச்சை 1997இல் எங்கள் ஊரான லப்பைக்குடிகாட்டில் அண்ணன் வாயால் கேட்டிருக்கிறேன். என் அத்தா துபாயிலிருந்து அனுப்பிய, டிவியோடு இணைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருந்தது. அதை அணைத்தால் விளையாட்டை முதலிலிருந்து ஆடவேண்டும். அதனால் அண்ணன் டிவியை மட்டும் அணைத்துவிட்டு டியூஷனுக்குப் போவான். எல்லாம் அணைந்துவிட்டதென்று நினைத்து, வெளிநாட்டுச் சாமானில் தூசி படியக்கூடாதென்று, அம்மா அதன்மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்துவார். சூடேறும் அடாப்டரும் அந்தத் துணிக்குள்ளேயே இருக்கும்.

“என்னமோ தீயுற வாசம் வருதேடா” என்றார் ஒருநாள்.

“துபாய் சாமான்னா அப்படித்தாம்மா மணக்கும். அத்தா கொண்டாற செண்டு மணக்கல?” என்றான் அண்ணன்.

அம்மா சிரித்துவிட்டார். மறுநாள் மாலையும் துணியைப் போர்த்தினார். பக்கத்துத் தொட்டிலில் தங்கையைத் தூங்கவைத்துவிட்டுக் கொல்லைக்குத் துவைக்கப் போனார். நான் மதரஸாவில் குர்ஆன் ஓதிவிட்டுத் திரும்பியபோது ஜன்னல் வழியே புகை வந்துகொண்டிருந்தது. தங்கை பிழைத்தாள். அவளுடைய இடது கை விரல்கள் இன்றும் மடங்காது.

மகனிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினான். படுக்கும் முன் லேப்டாப்பை நானே அணைத்தேன்.

16, திங்கள். எழுந்ததும் முதல் வேலையாக, தூங்கிக்கொண்டிருந்தவனின் போர்வைக்குள் கைவிட்டு லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.