தாஸ் அண்ணன் சொன்னது ஸ்டோரில் ஏறிய நாள்

காலையில் துடைத்துவிட்டு உட்காரும் கீபோர்டில் மதியத்துக்குள் செம்பழுப்பாகத் தூசி படிந்துவிடும். இரும்புத் தூசி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் ஆபீஸ். கீழே மிஷின் ஓடினால் மேலே மானிட்டர் ஆடும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் கதை பேசினால் சாம்பார் சாதத்தில் இரும்புச் சத்து இலவசம்!

மூன்றே பேர். முதலாளி, நான், ஷபானா.

நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. ஷபானா வண்ணாரப்பேட்டை. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் வேலை. துறைமுகத்துக்கு கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் டிரைவர்களுக்கு ஒரு ஆப் செய்திருந்தோம். எந்த கேட்டில் எத்தனை வண்டி நிற்கிறது என்று சொல்லும். ஆப் ஸ்டோரில் அதன் பக்கத்தில் வரும் பெயர், ஒரு வரி அறிமுகம், கீழே விளக்கம்... இவற்றைத் தமிழ், தெலுங்கு, இந்தியில் எழுதி ஏற்றுவது எங்கள் வேலை.

மொழிக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் சின்னச் சின்ன ஃபைல். கறுப்புத் திரையில் ஒரு கமாண்ட் அடித்தால் போதும், ஃபைலில் இருப்பது அப்படியே ஸ்டோரில் போய் உட்கார்ந்துவிடும். நல்லது கெட்டது பார்க்காது அந்த டூல்.

அதனால் ஷபானா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒரு டிரைவர் காதிலாவது போடாமல் எதையும் ஏற்றக்கூடாது. சாயங்காலம் அவள் ஸ்கூட்டியில் டோல்கேட் டீக்கடைக்குப் போவோம். லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் காது குடுங்க" என்று சத்தமாகப் படிப்பாள்.

முதல் நாள் என்னைப் படிக்கச் சொன்னாள். "சரக்குப் போக்குவரத்துக்கான ஒருங்கிணைந்த தீர்வு" என்று பெருமையாக ஆரம்பித்தேன். தாஸ் அண்ணன் என்று ஒரு டிரெய்லர் டிரைவர், டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகையா? தீர்வு கீர்வுன்னு பேஜார் பண்ணாத. கேட்டாண்ட எத்தினி வண்டி நிக்குது, அத்த சொல்லு."

ஷபானா சிரித்த சிரிப்பில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே, அவர் சொன்னதை அப்படியே, அவர் பெயரோடு, ஃபைலில் அந்த வரிக்குக் கீழே அடித்து வைத்தாள். மறுநாள் காலையில் அதைப் பார்த்து வரியைத் திருத்துவோம். அவர் பேச்சை அழிப்போம். பிறகுதான் கமாண்ட்.

இந்த முறையை ஒரு நாள் நான் கெடுத்தேன்.

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அவர்கள் வண்டி அத்தனையிலும் எங்கள் ஆப். ஷபானா பல் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அது தெரியாத முதலாளி, அவர்களைக் கூட்டிவரும் வழியிலிருந்து போனில் பதறினார்.

"தமிழ்ல இன்னும் பழசுதாம்மா கீது. புச்சா எழுதுனத்த ஷபானாவ ஏத்தச் சொல்லு, சீக்கிரம்!"

முந்தின நாள் டீக்கடையில் படித்தாகிவிட்டதே என்ற தைரியம் எனக்கு. ஷபானா சீட்டில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் கமாண்ட் அடித்தேன். மற்ற நாளில் மணிக்கணக்கில் இழுத்தடிக்கும் ஸ்டோர் அன்று பார்த்து உடனே ஏற்றிக்கொண்டது.

வந்தவர்களில் ஒருவர் போனில் திறந்து வாய்விட்டுப் படித்தார். "இனி கேட்டில் காத்திருக்க வேண்டாம்." அதற்குக் கீழே: "சுத்த டுபாகூர். இத்த நம்பிப் போனா நாஷ்டா கூட கெடைக்காது. தாஸ் அண்ணன்."

காபி வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

கன்னம் வீங்கி ஷபானா படியேறி வரும்போது முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "யாரு ஏத்துனது?" ஏற்றியவர் பெயர் என்று டூல் காட்டியது அவள் பெயரை. லாகின் அவளுடையதுதானே. அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார். வலியில கவனிக்காம ஏத்திட்டுப் போய்ட்டேன்."

"நாளையிலேர்ந்து வராத."

படிக்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "கம்முனு இருடி. உங்க வூட்ல உன் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. எனக்கு அண்ணன் கீறாரு" என்றாள். அந்த அண்ணன் அவளை வேலைக்கு அனுப்பும்போதே, ஒரு பேச்சு வந்தாலும் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கையை விட்டேன், மேலே போனேன், சீட்டில் உட்கார்ந்தேன்.

அவள் அப்புறம் எந்த வேலைக்கும் போகவில்லை. அந்த வருஷமே நிக்காஹ், ஆம்பூர். போன் நம்பரும் மாறிவிட்டது.

இப்போது ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம். ஒரே கமாண்டில் நாற்பது மொழி ஏற்றுகிறேன். மொழிபெயர்ப்பு மிஷினிலிருந்து வருகிறது, தமிழ் உட்பட. யாராவது படித்தார்களா என்று கேட்டால் "செக் பாஸ் ஆயிடுச்சு மேடம்" என்கிறார்கள். போன வாரம் யாருக்காவது படித்துக் காட்டலாமே என்று கேன்டீன் வரைக்கும் போனேன்... எல்லார் காதிலும் ஏதோ சொருகியிருந்தது. எவ்வளவு பெரிய டீம் இது! பக்கத்தில் உட்கார்ந்து கெக்கே பிக்கே என்று சிரிக்க ஒருத்தி இல்லை. ஷபா, உன்னை ரொம்பத் தேடுதுடி.

முதலாளி சார், நீங்களும் இங்கே என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில்தான் இருக்கிறீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறீர்கள். ஷபானாவின் அண்ணனைத் தெரிந்தவர்களும் இங்கே இருப்பீர்கள், அவரிடமும் காட்டுங்கள்.

அன்றைக்கு யார் ஏற்றியது என்று கேட்டீர்களே...

நான்தான் சார்.