வலது கைச் சுவிட்ச்

சிவநேசனுக்குப் புனிதா அக்கா மேல் எட்டு வருடக் கோபம். கிள்ளானில் அவன் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு வருகிற வண்டிகளில், சிக்னல் போடாமல் திரும்புவது அக்காவின் பழைய ஹோண்டா சி எழுபது மட்டும்தான். சிக்னலுக்குப் பதில் வாய். "வலது! வலது!" என்று பின்னால் வருகிற காருக்குக் கேட்கும்படி கத்திவிட்டுத் திரும்பிவிடுவார். "என்னா பாஸ், உங்க கடை மோட்டாருக்கு லைட்டு கிடையாதா, சவுண்டு மட்டுந்தானா?" என்று சாப்பாட்டுக் கடையில் அவனைக் கேலி செய்வார்கள்.

அவன் சும்மா இருந்தவனும் இல்லை. பழைய சிக்னல் சுவிட்ச் உடைந்து வந்தபோது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இப்போதைய மோட்டார்களில் வருகிற புதுச் சுவிட்சை இலவசமாகவே மாட்டிக் கொடுத்தான். அக்கா பார்த்தார். "நல்லாருக்கு தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதை அமுக்கவில்லை. என்ன திமிர் என்று அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

அக்கா கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். கட்டிக்கொடுத்து கிள்ளானுக்கு வந்து, ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் நின்றார். அந்த வேலை போனதும் இடியப்பத்தில் இறங்கினார். வீட்டில் பிழிந்து அவித்துக் கூடையில் அடுக்கி, விடிந்ததும் குடியிருப்புகளில் தாமான் தாமானாகச் சுற்றுவார். வெயிலுக்கும் காற்றுக்கும் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டுவது இங்கே எல்லாருக்கும் வழக்கம். அக்காவின் ஜாக்கெட்டுக் கை மட்டும் விரல் நுனி வரைக்கும் தொங்கும்.

ஒரு புதன்கிழமை அவர் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தார். வலது பக்கம் திரும்பும்போது லோரி உரசியிருக்கிறது. பின்னால் இருந்த வலது சிக்னல் தூள். கூடை நசுங்கி, இடியப்பமெல்லாம் ரோட்டில்.

"என்னாக்கா, லோரிக்காரனுக்குக் காது கேக்கலையா?"

"கேலியெல்லாம் அப்புறம் பண்ணு லா. ஷாமினி மோட்டார விக்கப் போறா. ஞாயித்துக்கிழமை ஆள் வரான். நான் திரும்பும்போது சிக்னல் எரியறத கண்ணால பாத்தாத்தான் விடுவேங்கிறா எம் மக."

"எரியற சிக்னலத்தான் எட்டு வருஷத்துக்கு முன்னயே போட்டுக் குடுத்தேனே! அமுக்குனா கை தேஞ்சிருமா?"

அக்கா இடது கை ஜாக்கெட்டைச் சுருட்டி மேலே ஏற்றினார். நாலு விரல் இருந்தது. கட்டைவிரல் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"கையுறைக் கம்பெனி மிஷினு எடுத்துக்கிச்சு. பழைய சுவிட்சு வலது பக்கம் இருந்திச்சு தம்பி. வலது கட்டைவிரலால மேல தள்ளுனா ஒரு பக்கம், கீழ தள்ளுனா ஒரு பக்கம். அதுக்குத்தான் இந்த மோட்டார தேடிப் பிடிச்சு வாங்குனேன். நீ அத தூக்கிப் போட்டுட்டு இடது பக்கம் வச்சே."

"சொல்ல வேண்டியதுதானே!"

"அவ்ளோ சந்தோஷமா போட்டுக் குடுத்தே, எப்படிச் சொல்றது? அதுவும் கையக் காட்டிக்கிட்டா திரிய முடியும்?"

எட்டு வருடமாக அடுத்தவர் மேல் வைத்திருந்த கோபம் சிவநேசன் பக்கமே திரும்பியது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள வலது பக்கச் சுவிட்சுலயே எரியும். வீட்டுக்குப் போங்க" என்றான்.

முதலில், தான் மாட்டிய சுவிட்சையே கழற்றி வலது பக்கம் வைத்துப் பார்த்தான். அங்கே வேகம் கூட்ட முறுக்கும் பிடியோடு அது சேர்ந்து உட்காரவில்லை. வியாழக்கிழமை கிள்ளானில் நாலு கடை ஏறினான். நாலிலும் இடது கைச் சுவிட்சைத்தான் எடுத்து நீட்டினார்கள். வெள்ளிக்கிழமை கடையை அடைத்துவிட்டு கம்போங் மேடானில் பழைய இரும்பு வாங்குகிற ஜீவனிடம் போனான். குவியலுக்குள் மூன்று மணி நேரம் கிடந்து, துருவேறிய ஒரு ஹேண்டில்பாரை இழுத்தெடுத்தான். அதன் வலது பக்கத்தில் சுவிட்ச்.

"அண்ணே, அது செத்துப் போச்சுண்ணே" என்றான் ஜீவன்.

"செத்துச்சா இல்லையான்னு நான் சொல்றேன்."

பிரித்து டீசலில் ஊறப் போட்டான். உள்ளே இருந்த பித்தளைத் தகட்டை மணல்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்தான். ஸ்பிரிங் தொட்டதும் உதிர்ந்தது. கடையில் கிடந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். மூன்றாவது பேனாவின் ஸ்பிரிங் பாதியாக வெட்டினதும் கச்சிதமாக உட்கார்ந்தது.

சனிக்கிழமை புதுச் சிக்னல் கூட்டையும் மாட்டிச் சுவிட்சைத் தள்ளினான். பல்பு மங்கலாக எரிந்தது. விட்டு விட்டு எரியவேண்டியது, அப்படியே தூங்கியது. கூட்டோடு வந்தது பன்னிரண்டு வோல்ட் பல்பு. இந்த மோட்டாருக்கு ஆறு. கிள்ளானில் ஆறு வோல்ட் கேட்டால் சிரித்தார்கள். அப்படியே தன் மோட்டாரை விரட்டி பிரிக்பீல்ட்ஸ் போனான். அங்கே பழைய மின்சாமான் கடை வைத்திருக்கிற குமரப்பன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆறு வோல்ட்டா? இன்னும் எவன் ஓட்டுறான் அத?"

"எவனும் இல்ல அண்ணே. ஒரு அக்கா."

குமரப்பன் மைலோ டின் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் இருந்து இரண்டு பல்புகளைப் பொறுக்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினி, வாங்க வந்த ஆளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அக்கா ஏறி உட்கார்ந்து மோட்டாரைக் கிளப்பினார். வலது கட்டைவிரல் சுவிட்சைத் தள்ளியது. டிக், டிக், டிக். பின்னால் ஆரஞ்சு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது.

வாங்க வந்தவர் குனிந்து பார்த்தார். "அட, வலது பக்கச் சுவிட்சு! பழைய மாடல் அப்படியே இருக்கு, இன்னும் நல்லதா போச்சு. இப்பவே எடுத்துக்கறேன் லா."

ஷாமினி அம்மாவின் கையைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

"சாரி அங்கிள்" என்றாள். "விக்கல."

அக்கா சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். திரும்பி முடித்து நேராக வந்துகொண்டிருந்தார். சிக்னல் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, அணைங்க! கார்க்காரன் நீங்க இன்னும் திரும்பப் போறீங்கன்னு நெனைப்பான்!"

அக்கா நிறுத்தி, சுவிட்சை நடுவுக்குத் தள்ளினார். இத்தனை வருடம் கத்தியே பழகியவருக்கு அணைக்கிற வேலை ஒன்று இருப்பது மறந்து போயிருந்தது.

"தம்பி" என்றார். "நாளைக்கு இடியப்பம் கொண்டு போறப்ப ஒம் மோட்டார எடுத்துக்கிட்டு எம் பின்னாலயே வா. நான் அணைக்க மறந்தா, நீ கத்து."