வால் வரட்டும்

நல்ல பழக்கம் என்று உலகம் மெச்சுகிற எதுவும் அவரிடம் ஒட்டவில்லை. விடியலில் எழுந்திருக்க அலாரம் வைத்தார். அலாரம் எழுந்தது, அவர் எழவில்லை. நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய ஷூ, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. புத்தகம் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே குறட்டை. உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் பழக்கமா, மந்தமா என்று அவருக்கே சந்தேகம். எதிரே இருப்பவர் பேசி முடிக்கிறவரை அவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால் காத்திருப்பார். அவ்வளவுதான் சங்கதி.

பள்ளிக்கூடத்திலேயே டியூப்லைட் என்று பெயர் விழுந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் ரெண்டு மினுக்கு மினுக்கி, யோசித்து, அப்புறம்தானே எரியும்! "பேர் வெச்சவன் மகா கெட்டிக்காரன்யா, என்ன பொருத்தம் பாரு" என்று அவரே மெச்சிக்கொள்வார்.

இந்த மந்தம்தான் அவருக்குச் சோறு போட்டது. மாடிக் கட்டடங்கள் எழும்பும் இடத்தில், கிரேனுக்கு கிரீஸ் போடும் ஆளாக இருந்தார். மேலே கேபினில் உட்கார்ந்து ஓட்டியவர் கற்பூர புத்திக்காரர். சொன்னதும் பற்றிக்கொள்வார்; சொல்வதற்கு முன்பும் பற்றிக்கொள்வார். ஒருநாள் கீழேயிருந்து வாக்கி டாக்கியில் "இறக்..." என்று குரல் வந்ததுமே செங்கல் தட்டை சரசரவென்று இறக்கிவிட்டார். கீழே நின்றவர் சொல்லவந்தது "இறக்காதே". தட்டு இன்ஜினியரின் புத்தம்புது மோட்டார் சைக்கிள் மேல் சொகுசாகப் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, வண்டியில் ஆள் இல்லை. அன்று சாயங்காலமே கற்பூரம் காற்றில் கரைந்துபோனது. "அந்த டியூப்லைட்டைப் பழக்கி மேலே ஏத்துங்கப்பா. அவனுக்கு அவசரப்படவே தெரியாது" என்றார் மேனேஜர். இப்படியும் ஒருத்தனுக்குப் பதவி உயர்வு வருமா? அவருக்கு வந்தது.

கேபினில் உட்கார்ந்தபிறகுதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நம் பேச்சில் சங்கதியெல்லாம் வாலில்தான் இருக்கிறது. தூக்கு, தூக்காதே. விடு, விடாதே. தலையை மட்டும் கேட்டுவிட்டுக் கையை வைத்தால் அம்போதான். காற்றடித்து வாக்கி டாக்கி கரகரத்தால் பொத்தானை அழுத்தி, "வால் வரலை, திருப்பிச் சொல்லு" என்பார். கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் "வால் வரட்டும்டா" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர் கையால் யார் தலையிலும் எதுவும் விழுந்ததில்லை.

வீட்டுக்கதை வேறு. அவர் மனைவி கற்பூரத்துக்கே அக்கா. "நான் என்ன சொல்ல வரேன்னா..." என்று அவர் இழுத்தால், "தெரியும், குழாய் ஒழுகுது, ஆளுக்குச் சொல்லியாச்சு" என்று வந்துவிடும். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகவே இருக்கும், அதுதான் கொடுமை. தாலி கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வாக்கியத்தையும் அவர் முழுசாக முடித்ததாக நினைவில்லை. உழைப்பு மிச்சம் என்று விட்டுவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பாத மகள், பையும் கையுமாக வந்து வாசலில் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அங்க இருக்க முடியலைம்மா. அவர் என்னைப் பேச..." என்றாள். அவ்வளவுதான்.

"பேசறானா? என்ன பேச்சு பேசினான்? இவனுக்கு எவ்வளவு கொழுப்பு இருந்தா என் பொண்ணைப் பேசுவான்!" என்று தாய் கொதித்துவிட்டாள். அழுகிற மகளை அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். அவர் மகளின் பையை வாங்கி உள்ளே வைத்தார். "நான் என்ன சொல்றேன்னா..." என்று தொடங்கினார். "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு எரியறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றாள் மனைவி. சும்மா இருந்தார். சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மகள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவள் வாய்க்கும் சேர்த்து அம்மாவே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்குள் பேச்சு, பிரித்தே வைத்துவிடலாம் என்கிற அளவுக்கு வளர்ந்து, மனைவியின் அண்ணன் பஞ்சாயத்துக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். சாமான்களை எடுத்துவர வண்டிகூடப் பேசியாகிவிட்டது.

மாப்பிள்ளை வந்தான். மற்ற நாளில் பொரிந்து தள்ளுகிறவன், அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு எச்சிலை விழுங்கினான். அவரைப் பார்த்துத்தான் பேசினான்.

"மாமா... இனிமே உங்க பொண்ணோட நான் வாழ..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

"வாழமாட்டியா! எங்க வீட்டுக்கே வந்து எங்க முகத்துக்கு நேராச் சொல்றியா?" என்று மனைவி எழுந்தாள். "எழுந்திருடா வெளிய!" என்று அவள் அண்ணனும் எழுந்தார். நாற்காலி உருண்டது. உள்ளறை வாசலில் நின்றிருந்த மகள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்து!"

கேபின் குரல். அந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டதில்லை. ஐயோ, நானா கத்தினேன் என்று ஒரு நொடி நடுங்கிப்போனார்.

"அவர் இன்னும் முடிக்கலை. வால் வரட்டும். சொல்லுங்க மாப்பிள்ளை, வாழ...?"

மாப்பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. "வாழணும்னா நான் என்ன செய்யணும்னு கேக்கத்தான் வந்தேன் மாமா. அவ எதுக்குப் போனாள்னே எனக்குத் தெரியலை."

அவருக்கு அப்போதுதான் சுருக்கென்றது. வேலையிடத்தில் ஒரு வால் வராவிட்டால் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே! பெற்ற பெண் பாதியில் விட்ட பேச்சு ஒரு வாரமாக வீட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒருதரம் திருப்பிக் கேட்டாரா? அடப்பாவி, டியூப்லைட்டு!

மகளிடம் போனார். "அன்னிக்கு நீயும் முடிக்கலை கண்ணு. 'அவர் என்னைப் பேச'ன்னே. பேச?"

"பேச விடறதே இல்லப்பா." அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. "நான் வாயைத் திறந்தா பாதியிலேயே பதில் வந்துடும். தலை வலிக்குதுன்னு சொல்ல வந்தா, கடைக்குப் போகணுமான்னு கிளம்பிடுவாரு. திட்டறதில்லை, அடிக்கறதில்லை, நல்லவர்தான். ஆனா அங்க நான் ஒரு பேச்சை முடிச்சதே இல்லப்பா. இங்க வந்தேன். இங்கயும்..."

அம்மாவைப் பார்த்தாள். அம்மா "அடிப்பாவி, இதுக்குப் போயா..." என்று ஆரம்பித்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை "இல்ல, அது வந்து நான்..." என்று எழுந்தவன், அவள் இன்னும் முடிக்கவில்லை என்று கண்டு மறுபடி உட்கார்ந்தான். அவள் பேசினாள். நின்று நின்று, நடுவே மூக்கைச் சிந்தி, சொன்னதையே திருப்பிச் சொல்லி, மனசு காலியாகிறவரை பேசினாள். மாப்பிள்ளைக்கு வாய் துறுதுறுத்தது. இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். அண்ணன்காரர் வண்டிக்காரனைப் பொறுக்கச் சொல்லி போன் போட வாசலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் மகள் உள்ளே போனாள். பையோடு வந்தாள். எந்தப் பக்கம் போகப்போகிறாள், பையை என்ன செய்யப்போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, நான் போ..."

அழுகை குறுக்கே வந்து நின்றுவிட்டது. போகலையா? போகவே மாட்டேனா? அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பொத்திய கையை எடுக்காமல், கண் மட்டும் வெளியே தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாப்பிள்ளை அசையவில்லை. அந்த வீட்டில் முதல் தடவையாக எல்லோரும் காத்திருந்தார்கள்.

"...போயிட்டு வரேம்ப்பா."

மனைவி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பைக்குக் கையை நீட்டினான். இவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, அந்தச் சொல்லைத் தலையிலிருந்து வால்வரை மனசுக்குள் ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் தெருமுனை திரும்பினபிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.