விண்ணப்பம் படிக்கும் அத்தை

கல்லூரியில் வேலை என்றால் பேராசிரியரா என்பார்கள். இல்லை, விண்ணப்பம் படிப்பவள். சேர்க்கை அலுவலகத்தின் மாடி அறையில் உட்கார்ந்து, பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதி அனுப்பும் கட்டுரைகளைப் படித்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பதுதான் அவள் பிழைப்பு. வீட்டில் அண்ணன் மகள் கூப்பிட்டு, அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்ட பெயர் அத்தை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரையை ஆற அமரப் படிப்பாள். சில சமயம் சிரிப்பாள், சில சமயம் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவாள். இப்போது வருஷத்துக்கு வருஷம் விண்ணப்பங்கள் மலையாகக் குவிகின்றன. இடங்கள் மட்டும் அதே இடங்கள். கூத்து என்னவென்றால், குவிய வைப்பதும் இவர்களேதான். பள்ளி பள்ளியாகப் போய், "நீயும் போடலாமே, என்ன கெட்டுப்போச்சு?" என்று ஆசை காட்ட வேண்டும். எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறதோ, கல்லூரிக்கு அத்தனை மவுசு. அத்தைக்கு இது புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்ய, சம்பளம் வாங்குகிறாளே.

இத்தனையையும் படித்துக் கிழிக்க யாரால் முடியும்? முதல் பக்கம் இழுக்கவில்லை என்றால் அடுத்ததைத் திருப்புவதில்லை; தேறாதது என்று இடது பக்கம் கவிழ்ந்துவிடும். எவரும் போட்ட சட்டமில்லை. வேலை கழுத்தை நெரித்தபோது கைக்குத் தானாக வந்த பழக்கம்.

பள்ளிகளில் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன அந்த "நீயும் போடலாமே"வை ஒருநாள் அண்ணன் மகளிடமும் சொல்லிவிட்டாள். அவளும் நம்பிப் போட்டாள். சொந்தக்காரர் விண்ணப்பத்தைத் தொடக் கூடாது என்பதால் அது பக்கத்து மேஜைக்குப் போனது. இடமில்லை என்று பதில் வந்தது. பெண் அழவில்லை. விடுமுறை நாளில் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு நேரே அத்தை முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, இத யாராவது முழுசா படிச்சிருப்பாங்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "தெரியலடா."

"அப்ப நீங்க படிங்க. ஒருத்தராவது படிச்சாங்கன்னு இருந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அப்பாவின் மருந்துக்கடையில், பள்ளி விட்டு வந்து மாலையில் நிற்பது பற்றிப் பெண் எழுதியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. உண்மையிலேயே பாசத்தோடுதான் படித்தாள். படித்துவிட்டுத் தாளை இடது பக்கம் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆரம்பம் இன்னும் கொஞ்சம் எடுப்பா இருந்திருக்கலாம்."

"முடிச்சிட்டீங்களா?"

"ம்."

பெண் கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்திக் கையில் எடுத்தாள். "கீழ இன்னொரு தாள் இருக்கு அத்தை. அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போனது அதுலதான் வருது."

அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. இந்தக் கையை என்ன செய்தால் தகும் என்றிருந்தது. "கொடும்மா, கொடு, மறுபடி முதல்லேர்ந்து படிக்கிறேன்" என்று எட்டி வாங்கப் பார்த்தாள்.

அதற்குள் பெண் இரண்டு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"விடுங்க அத்தை. நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. அதுல அப்படி ஒண்ணும் பெருசா இல்ல."

கல்லூரி இடமில்லை என்றபோதுகூட அவள் அப்படிச் சொல்லவில்லை.