அப்பாவின் பல்லுக்கு நான் வைத்த கையெழுத்து

அன்று நான் கையெழுத்து வைத்தது அப்பாவுக்காகவா, இல்லை, இடுப்பில் அழுதுகொண்டிருந்த பிள்ளையோடு சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்பதற்காகவா? எட்டு மாதமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். சில நாட்களில் அப்பாவுக்காகத்தான் என்று தோன்றும். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, இல்லை, எனக்காகத்தான் என்று தோன்றும்.

அம்மா காலமான பிறகு அப்பா கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வெள்ளவத்தையில் எங்களோடு வந்து இருக்கிறார். ஆனால் அவருடைய கோயில் இன்னும் கொட்டாஞ்சேனையில்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிப் போய், பூசை முடிவில் பதிகம் பாடிவிட்டு வருவார். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலம் முதல் அந்த இடத்தில் அவர் குரல்தான்.

சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், பல் ஈறு கெட்டு, மேல் முன்பற்கள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று கட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை குரலை உயர்த்திப் பாடும்போது அது கழன்று உதட்டில் வந்து நின்றிருக்கிறது. முன்னால் இருந்த பெண்பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அப்பா எனக்குச் சொல்லவில்லை. அன்று கோயிலில் நின்ற தெரிந்த அன்ரி ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா கோயிலுக்குப் போனார், பாடவில்லை. வீட்டிலும் சாப்பாட்டைக் கோப்பையோடு அறைக்குள் கொண்டுபோகத் தொடங்கினார்.

தாடை எலும்பில் திருகாணி பதித்து, அதன்மேல் கழலாத பல்லைப் பூட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலி வீதியில் இருந்த பல் கிளினிக் ஒன்றுக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். டொக்டர் என் வயதையொத்த முஸ்லிம் பெண். அப்பா முதல் நாளே கேட்டார்.

“மகள், இதில மச்சம் மாமிசம் சம்பந்தமா ஒண்டும் இல்லைத்தானே?”

“ஐயோ அங்கிள், இது வெறும் டைட்டேனியம். உலோகம்.”

“கேட்டு வைக்கோணும். இவ ஒருக்கா முட்டை போட்ட கேக்கை முட்டை இல்லையெண்டு சொல்லித் தீத்தினவ.”

“அப்பா! அது நான் ஸ்கூல் போகேக்க. கடைக்காரன் சொன்னதைத்தான் சொன்னனான்.”

டொக்டர் சிரித்தார். அவர் சொன்னது பொய்யல்ல. அன்றைக்கு அது வெறும் உலோகம்தான்.

திருகாணி பதிக்கும் நாள் காலை அப்பா, “இந்த ஒருதரம்தான், பிள்ளை. இன்னொருக்கா வாயைக் கிழிக்க வரமாட்டன்” என்றார். பிள்ளையைப் பார்க்கிற அக்கா அன்று வரவில்லை. கணவருக்கு லீவு இல்லை. ஒன்றரை வயதுக் குட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அப்பா உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் இருக்கும். டொக்டர் கதவருகே வந்து என்னைக் கூப்பிட்டார். கதவிடுக்கால் அப்பாவின் கால்கள் தெரிந்தன. முகத்தைப் பச்சைத் துணி மூடியிருந்தது.

“அங்கிள்ட எலும்பு நினைச்சதை விட மெல்லிசா இருக்கு. திருகாணியில ஒரு பக்கம் வெளிய நிக்குது. எலும்புத் தூள் வச்சு மூடினாத்தான் பிடிக்கும். இந்தப் போர்ம்ல எல்லாம் இருக்கு, வாசிச்சிட்டு சைன் பண்ணுங்க.”

ஆங்கிலத்தில் இருந்தது. மூன்றாவது வரியில் ‘போவைன்’ என்ற சொல். மாட்டிலிருந்து எடுத்தது என்று பொருள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

“டொக்டர், வேறை தூள் இல்லையா?”

“மிருகத்துல எடுக்காததும் இருக்கு. இன்னைக்கு எங்கிட்ட இல்ல. அப்போ இன்னைக்குத் தச்சி மூடிட்டு, மூணு மாசத்துக்குப் பொறகு திரும்பத் தொறக்கணும். அங்கிளுக்கு இது ஓகேதானே?”

குட்டி படிவத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாள். உள்ளே அப்பா வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்.

“ஓம், ஓகே” என்றேன்.

உள்ளே போய் அவர் காதில் கேட்டிருக்கலாம். அவர் தலையை ஆட்டியிருப்பார், அல்லது கையை அசைத்திருப்பார். அரை நிமிட வேலை. இது எனக்கு வீடு திரும்பும்போது, ஆட்டோவில்தான் தோன்றியது. பக்கத்தில் அப்பா பஞ்சைக் கடித்துக்கொண்டு, வீங்கிய வாயோடு குட்டிக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டு வந்தார்.

புண் ஆற மாத்திரை தந்திருந்தார்கள். கப்சூல். அப்பா கப்சூல் விழுங்குவதில்லை. அதன் கோது மாட்டுத் தோலிலும் எலும்பிலும் செய்வது என்று எப்போதோ வாசித்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருக்கும் மருந்தைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து, கசப்பில் கண்ணை இறுக்கி மூடிக் குடித்தார். கோதுகளைக் கடதாசியில் சுற்றி எறிந்துவிட்டுக் கை கழுவினார். ஐந்து நாள், நாளுக்கு மூன்று தடவை. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

கணவரிடம் சொன்னேன்.

“இதுக்கே இவ்வளவு யோசிக்கிறீர்? சுண்ணாம்புதானப்பா. அவருக்குச் சொல்லாதையும், முடிஞ்சுது.”

“உங்களுக்கு லேசு. நீங்க ஓபிசில மாட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிடுற ஆள்.”

“அதை மெதுவாச் சொல்லும், மாமாவுக்குக் கேக்கப்போகுது.”

சிரித்தோம். பிறகு நான் குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதுவரை நான் செய்தது சொல்லாமல் விட்டது மட்டும்தான். நான்கு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து செருப்பைக் கழற்ற முதலே அப்பா கேட்டார்.

“பிள்ளை, கோயிலில ஒராள் சொல்லுறார், இந்தப் பல்லுக்கு மாட்டெலும்பும் வைக்கிறவையாம். எனக்கு அப்பிடி ஒண்டும் வைக்கேல்லைத்தானே?”

நான் குட்டியின் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிராமலே சொன்னேன். “இல்லையப்பா.”

“எனக்குத் தெரியும். நீ நிண்டனிதானே, விடுவியா? அந்தாளுக்கும் அதைத்தான் சொல்லிப்போட்டு வந்தனான்.”

பின்னர் எக்ஸ்ரே பார்த்த டொக்டர், தூள் அப்பாவின் எலும்போடு சேர்ந்து இறுகிவிட்டது, நல்லாப் பிடித்திருக்கிறது, இனிப் பல்லைப் பூட்டலாம் என்றார். தனியாக நின்று கேட்டேன், அந்தத் தூளை மட்டும் எடுக்க முடியாதா என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “எடுக்கிறதெண்டா எலும்பையே வெட்டணும். அங்கிளுக்குச் சொல்லல்லையா?” என்றார்.

பல் பூட்டும் நாளை இரண்டு தடவை பின்போட்டுவிட்டேன். முதல் தடவை குட்டிக்குக் காய்ச்சல் என்றேன். உண்மையில் மூக்கொழுகல். அடுத்த தடவை எனக்கு வேலை என்றேன். அப்பா குறை சொல்லவில்லை. “உனக்குக் கரைச்சலெண்டால் நான் தனியப் போவன், பிள்ளை” என்கிறார். மார்கழியில் விடியற்காலைப் பூசைக்குப் பாட வரச்சொல்லிக் கோயிலில் கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டார். பின்னேரங்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்பல் இல்லாத வாயாலேயே மெல்லப் பாடிப் பார்க்கிறார். குட்டி கதவடியில் நின்று கைதட்டுகிறாள்.

சொன்னால் அவர் பல்லே வேண்டாம் என்பார். வெட்டி எடு என்றும் சொல்லக்கூடும். இரண்டும் செய்யாமல், ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வாரோ என்பதுதான் எனக்கு மிகப் பயம். சொல்லாவிட்டால், கப்சூல் கோதைத் தொட்ட கையைக் கழுவுகிற மனிதர், அந்த எலும்பில் நிற்கும் பல்லோடு சந்நிதியில் நின்று பாடுவார். எனக்கு அதில் பாவம் இல்லை என்று படுகிற நாட்களும் உண்டு. ஆனால் வாய் அவருடையது. அவர் கேட்டார், நான் இல்லை என்றேன்.

மூன்றாவது தடவை பின்போட எனக்குக் காரணம் இல்லை. இதை வாசிப்பவர்களில் இப்படிச் சைவமாக வாழும் தாய் தகப்பனோடு இருப்பவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்கு மறைத்து ஒன்றைச் செய்துவிட்டுப் பிறகு சொன்னவர்களும் இருக்கலாம். பல் பூட்டுவதற்கு முன்னரே சொல்வதா? ஒரு மார்கழி பாடி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுச் சொல்வதா? நீங்கள் எப்படிச் சொன்னீர்கள், முதல் வசனம் என்ன, அதற்குப் பிறகு அவர்கள் உங்களோடு கதைத்தார்களா? தயவுசெய்து எழுதுங்கள். சொல்லாமலே விட்டவர்களும் எழுதுங்கள்.