மூன்றாவது கோடு

"ஒண்ணு... ரெண்டு... மாதாவே... நாலு..."

ஆவடி மார்க்கெட் முனையில், நடுரோட்டில் குந்தியபடி ஆரோக்கியசாமி பழைய கோடுகளை எண்ணுகிறார். தினமும் காலை ஆறரைக்கு இதே எண்ணிக்கை. மூன்று என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. டீக்கடையில்கூட, "ரெண்டு பன்னு குடு, மேல ஒண்ணு" என்றுதான் கேட்பார்.

ரோட்டில் கோடு போடுவது அவர் உத்தியோகம். நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியால் அளவு பிடித்து, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டை இழுத்தால் ஒரு விரல்கூடப் பிசகாது. இருபது வருஷப் பெயிண்ட் அவர் கால் நகங்களில் ஏறிக் கிடக்கிறது. ஆனால் விடியற்காலையில் அவர் பார்க்கும் வேலை இதற்கு நேர்மாறானது. ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி ரோட்டில் நிறுத்திவிட்டு, தகர டப்பாவில் காய்ச்சிய தாரைத் தொட்டு, தான் போட்ட கோட்டையே கறுப்பாக அழிக்கிறார்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்ல அண்ணிக்குக்கூட இத்தினி மை வெச்சிருக்க மாட்டியே!" என்று கேலி செய்வார் டீக்கடை ஜம்புலிங்கம்.

ஆரோக்கியசாமி சிரிப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, எண்பத்தெட்டில், மக்கள் கடக்க இங்கே ஏழு கோடுகள் போடச் சொன்னார்கள். போட வேண்டிய இடத்தில் யாருக்கோ வரவேற்பு வளைவு கட்ட மூங்கில் நட்டிருந்தார்கள். "எங்கனா போட்டுட்டு வாய்யா" என்றார் மேஸ்திரி. இருபதடி தள்ளி, லாரிக்காரன் கண்ணுக்குக் கடைசி நொடிவரை தெரியாத திருப்பத்தில், ஏழு கோடுகளையும் நேர்த்தியாகப் போட்டு முடித்தார் ஆரோக்கியசாமி.

அதோடு விட்டிருக்கலாம். பருத்திப்பட்டிலிருந்து கீரைக் கூடையோடு வரும் முத்தம்மாளிடம் பெருமையாகச் சொன்னார்: "இனிமே கோட்டு மேலயே வா முத்தம்மா. ஒருத்தன் உன்ன இடிக்க மாட்டான்."

இடது காலைச் சற்றே இழுத்து நடப்பவள் அவள். அதுவரை இரண்டு பக்கமும் பத்துத் தரம் பார்த்துத்தான் ரோட்டில் இறங்குவாள். எதிர்ப்புறம் டீக்கடை ஓரத்தில் நிற்கும் ஆரோக்கியசாமிதான் தினமும் அவள் தலைச்சுமையை இறக்கிக் கைகொடுப்பார். அவர் சொன்ன நாளிலிருந்து அவள் பக்கத்தில் பார்ப்பதையே விட்டுவிட்டாள். தாழ்ந்த கண்ணோடு கோட்டை மட்டும் நம்பி நடந்தாள். ஒன்பதாம் நாள் லாரி வந்தது. மூன்றாவது கோட்டில் கீரை சிதறிக் கிடந்தது.

பிறகு சரியான இடத்தில் புதுக் கோடுகள் போட்டாகிவிட்டது. பழையவற்றின் மேல் தார் பூசியாகிவிட்டது. ஆனால் பூசிய நாலாம் நாளே மூன்றாவது கோடு மறுபடி வெளுத்து மேலே வரும். மற்ற ஆறும் அப்படியே கறுத்துக் கிடக்கும்.

"டயரு தேச்சிகினு போவுது, வெள்ள தெரியுது. இதுல இன்னா கீது?" என்றார் ஜம்புலிங்கம்.

"டயரு எல்லாத்து மேலயும்தானே நைனா போவுது?"

ஜம்புலிங்கம் ஆற்றிய டீயையே மறுபடி ஆற்றிக்கொண்டிருந்தார்.

கோடு தெரிந்தால் அதை நம்பி இன்னொரு உயிர் இறங்கிவிடும். ஆரோக்கியசாமியின் தூக்கத்தைத் தின்றது அந்தப் பயம்தான்.

நேற்று அது நடந்தேவிட்டது. ஏழு மணிச் சங்கு ஊதி, ஃபேக்டரிக்குப் போகும் சைக்கிள்கள் வெள்ளமாக வந்த நேரம். திருநின்றவூரிலிருந்து நர்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் ஹில்டா என்ற பெண், பழைய கோட்டில் கால் வைத்துவிட்டாள். ஆரோக்கியசாமி பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். லாரி அவள் தாவணி நுனியை உரசிக்கொண்டு போயிற்று.

"ஏம்மா, அதோ புதுக் கோடு கீதே! இங்க எதப் பாத்துகினு எறங்கினே?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "முன்னால ஒரு அம்மா போனாங்கய்யா. அவங்க பின்னாலயேதான் வந்தேன். பாதி ரோட்டுல நின்னுட்டாங்க..."

சைக்கிள்காரர்களைத் தவிர ரோட்டில் யாரும் இல்லை. அந்த அம்மா காலை இழுத்து நடந்தாளா என்று கேட்க நினைத்தார். கேட்காமல் மூன்றாவது கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பாதி ரோட்டில்! அப்படியானால் இந்த இரண்டு வருஷமும் முத்தம்மாள் அக்கரை சேரவே இல்லையா?

இன்று காலை ஆரோக்கியசாமி தார் டப்பாவைத் திறக்கவில்லை. சிவப்புத் துணியை உயர்த்திப் பிடித்து ரோட்டில் இறங்கினார். திருப்பத்தில் வந்த லாரி கிறீச்சிட்டு நின்றது. பின்னால் பஸ், அதன் பின்னால் சைக்கிள் கூட்டம்.

"யோவ் பெருசு, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று டிரைவர் கத்தினான்.

அவர் காதில் விழவில்லை. மூன்றாவது கோட்டில் நின்றார். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். பிறகு நடந்தார், மெதுவாக, காலை இழுப்பவருக்கு ஈடுகொடுக்கும் நடையில். நாலு, ஐந்து, ஆறு, ஏழு.

டீக்கடை ஓரம் வந்ததும் சிவப்புத் துணியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலை உயரத்துக்குத் தூக்கினார். எதையோ தாங்கி, அதன் பாரத்தில் முழங்கால் லேசாக மடங்க, சிந்தாமல் தரையில் இறக்கி வைத்தார்.