நடைபாதையில் காய்ந்த நெல்

எங்கள் ஊர் வெள்ளாற்றங்கரையில் பூங்கா வரப்போகிறது என்று பெரிய படம் ஒன்றை நட்டு வைத்தார்கள். படத்தில் ஆறு நீலமாகக் கரை முட்ட ஓடியது. வாத்து வேறு நீந்தியது. வெள்ளாற்றில் மழைக்காலத்தில் கொஞ்ச நாள் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் மணலும் கருவேல முள்ளும்தான். வரைந்தவர் வேறெங்கோ ஓடிய ஆற்றைப் பிடுங்கி இங்கே ஒட்டிவிட்டார்.

பூங்கா வந்த இடம் ஒரு பழைய அரிசி மில். அது ஓடிய காலத்தில் நெல் ஊறவைத்த தண்ணீரை ஆற்றிலேயே திறந்துவிடுவார்கள். அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. மூடியபோது நான் அழவில்லை. ஆனால் அவித்த நெல்லைக் காயப்போட அவர்கள் போட்டிருந்த சிமெண்டுக் களம் மிஞ்சியது. அறுவடை வந்தால் ஊர் நெல் முழுக்க அங்கேதான் காயும். பூங்காக்காரர்கள் முதலில் உடைத்தது அந்தக் களத்தைத்தான். உடைத்துவிட்டுப் புல் விரித்தார்கள். புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்து வெள்ளையடித்தார்கள். பழமையைப் பாதுகாக்கிறார்களாம்.

அந்தத் தையில் அறுப்பு மெஷின் வயலில் இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். மூட்டைக்குள் கையை விட்டேன், கொதித்தது. அப்படியே போட்டால் முளைத்துவிடும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது.

மறுநாள் வெயில் அடித்தது. ரோட்டில் போட்டால் லாரி ஏறும். அப்போதுதான் பூங்கா நடைபாதை ஞாபகம் வந்தது. வழுவழுப்பான கல், நல்ல அகலம், பொட்டு நிழல் இல்லை. நட்ட மரக்கன்று முழங்காலுக்குக்கூட வரவில்லை. நடப்பவன் சுருண்டு விழுவான், நெல்லுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வாசல் பூட்டியிருந்தது. நானும் என் நாத்தனாரும் குட்டியானை வண்டியில் மூட்டைகளை ஏற்றி, ஆற்று மணல் வழியாகப் பின்பக்கம் போய்ப் பரப்பிவிட்டோம்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். “என்னங்கம்மா இது, நாளைக்குத் தெறப்பு விழா. மொதல்ல அள்ளுங்க.”

“அள்ளி எங்க போடச் சொல்றீங்க? நீங்க ஒடச்ச களத்துலயா?” என்றேன்.

அவர் பூங்காவை வடிவமைத்த பெண்ணைக் கூட்டி வந்தார். சென்னைப் பெண். எங்களை விரட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நெல்லைப் பார்த்துச் சொக்கிப்போனாள். வளைவு வளைவாகப் போடுங்கள், மேலே கேமரா பறக்கவிட்டு எடுக்கிறோம், அப்புறம் சாயங்காலம் வரை இருந்துகொள்ளுங்கள் என்றாள். விரட்டாமல் விட்டால் போதுமென்று வளைத்துப் போட்டோம். ஆளுக்கொரு சொளகைக் கையில் கொடுத்து நிற்கவும் வைத்தாள்.

“சொளகு எதுக்கு அண்ணி, இங்க என்ன பொடைக்கவா போறோம்?” என்றாள் நாத்தனார்.

ஈர நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கோடு கலைந்துவிடும், கிண்டாதீர்கள் என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். பொம்மை மாதிரி நின்றோம். கேமரா போனது, வந்தது, வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி போனது. மேற்கே மேகம் கட்டியது. குனிந்து அடி நெல்லைத் தொட்டேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் புழுங்கிக்கொண்டிருந்தது. சொளகைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே இறங்கிக் கிண்டினேன்.

“அக்கா, அஞ்சே நிமிஷம்.”

“ஒங்க படத்த நாளைக்கும் எடுக்கலாம்மா. இது நாளைக்கு மொளச்சுப் போயிரும்.”

தூறல் விழுவதற்குள் அள்ளிவிட்டோம். பெரும்பகுதியைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். வளைவு தடித்திருந்த இடத்து நெல் முளைகட்டிக் கோழிக்குப் போனது.

இப்போது பூங்கா வாசலில் எங்கள் நெல்லைப் படமாக மாட்டி, மண்ணின் மரபு என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே, தானியம் உலர்த்தத் தடை. வருகிற தையிலும் நான் அங்கேதான் போடுவேன். வாசல் சாவி காவலாளியிடம் இருக்கிறது. அவரும் தன் வயலில் நெல்தான் போட்டிருக்கிறார். அவருக்கும் வேறு களம் கிடையாது.